எண்ணெய்க்கு மாற்று: பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சில கணக்குகள்

1

காலை ஆறரை மணிக்கு பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால், இந்த நகரம் எதை எரித்து நகர்கிறது என்று ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். பெரம்பூரிலிருந்து வரும் 29சி டீசல் புகையோடு வந்து நிற்கிறது. இறங்குகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்: வீட்டுவேலைக்கு, துப்புரவு வேலைக்கு, கடை திறக்க வருகிறவர்கள். அதே நேரத்தில் எலியட்ஸ் கடற்கரைக்கு நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் காரில் வந்து, காரை நிறுத்திவிட்டு, நடக்கிறார்கள். அந்தக் கார்களில் சிலவற்றில் பச்சை நம்பர் பிளேட். மின்சாரக் கார்கள், சத்தம் கிடையாது. இன்னும் கொஞ்சம் வடக்கே ஊரூர் குப்பத்து மணலில் ஃபைபர் படகுகள் கரையேறுகின்றன. எஞ்சினை அணைத்த பிறகும் டீசல் வாடை காற்றில் நிற்கிறது.

இதில் யார் எண்ணெயை அதிகம் சார்ந்திருக்கிறார்கள்? பார்த்த மாத்திரத்தில் தோன்றும் பதில்: புகை விடும் பஸ்ஸும் டீசல் படகும். 'மாற்று'க்குப் போய்விட்டவர் யார்? பச்சை நம்பர் பிளேட்காரர். இந்தப் பதில் எவ்வளவு தவறானது என்று காட்டுவதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

நம்முடைய சிறுபத்திரிகைச் சூழலில் 'மாற்று' என்ற சொல்லுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. மாற்று சினிமா, மாற்று நாடகம், மாற்று அரசியல் என்று பேசிப் பழகியவர்கள் நாம். அந்தச் சொல்லில் எதிர்ப்பு என்ற அர்த்தம் இருந்தது. 'மாற்று எரிசக்தி' என்று இப்போது கார் கம்பெனியும் நிலக்கரி வியாபாரியும் சேர்ந்து பேசும்போது அந்த எதிர்ப்பு கழன்று விழுந்து, ஒரு பொருளுக்குப் பதில் இன்னொரு பொருள் என்ற கடைத்தெரு அர்த்தம் மட்டும் மிஞ்சுகிறது. எண்ணெயைச் சார்ந்திருப்பது எஞ்சினுக்குள் மட்டும் நடக்கும் சமாச்சாரமாக இருந்தால் இந்த அர்த்தம் போதும். ஆனால் யார் எங்கே குடியிருக்கிறார்கள், யாருடைய வேலைக்காக யார் பயணம் போகிறார்கள், சாலை யாருடையது என்பதற்குள்ளும் அந்தச் சார்பு இருக்கிறது.

2

முதலில், எண்ணெய் ஏன் ஜெயித்தது? ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி இருக்கிறது. எஞ்சின் அதில் நாலில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. மீதி சூடாக வெளியே போகிறது. அப்படியே வைத்துக்கொண்டாலும் இரண்டு யூனிட்டுக்கு மேல் வேலை கிடைக்கிறது. நல்ல உடல்வலு உள்ள ஓர் ஆள் நாள் முழுக்க வேலை செய்தால் தருவது சுமார் அரை யூனிட். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோல் நாலு ஆளின் ஒருநாள் உழைப்பு. இதை ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு போகலாம், அது சாப்பாடு கேட்காது, சங்கம் வைக்காது. எண்ணெயின் கவர்ச்சி முழுக்க இந்தக் கணக்கில் இருக்கிறது.

சங்கம் வைக்காது என்றது சும்மா பேச்சுக்கு இல்லை. திமோத்தி மிட்செல் என்ற ஆய்வாளர் 2011-ல் எழுதிய நூலில் இதையே ஒரு வாதமாக வைக்கிறார். நிலக்கரியை வெட்ட, ஏற்ற, ரயிலில் கொண்டுபோக ஏராளமான கைகள் தேவைப்பட்டன. அந்தக் கைகள் நின்றால் நாடு நின்றது. ஐரோப்பாவில் உழைப்பாளிகள் வாக்குரிமையும் சமூகப் பாதுகாப்பும் பெற்றதில் இந்த நிறுத்தும் சக்திக்குப் பங்கு உண்டு. எண்ணெய் குழாயிலும் கப்பலிலும் ஓடுகிறது. அதை நிறுத்தக்கூடிய கைகள் குறைவு. நம் ஊரில் நெய்வேலியையும் மணலியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். நெய்வேலிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் என்றால் அது தமிழ்நாட்டுக்கே செய்தி. மணலிக்குத் துறைமுகத்திலிருந்து குழாய்வழியே எண்ணெய் வருவது அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கே தெரியாது.

இதற்குப் பல காலம் முன்பே, வேறொரு பக்கமிருந்து, தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா இந்த விஷயத்தைத் தொட்டார். அவர் செல்வத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, தேங்கிக் கிடப்பது: நிலக்கரி, எண்ணெய், கனிமம். எடுக்க எடுக்கக் குறையும். மற்றது, வந்துகொண்டே இருப்பது: காற்று, ஓடும் நீர், காட்டின் வளர்ச்சி. தேங்கிக் கிடப்பதன்மேல் கட்டிய பொருளாதாரம், இருப்பு யார் கையில் என்ற போட்டியில் முடியும். அந்தப் போட்டி போரில் முடியும் என்றார். 1990-91 வளைகுடாப் போரின்போது பெட்ரோல் பங்க் வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1991-ல் இந்தியா தங்கத்தை அடகு வைத்ததற்கு அந்தப் போர் ஏற்றிவிட்ட எண்ணெய் விலையும் ஒரு காரணம். இன்றும் இந்தியாவுக்குத் தேவைப்படும் கச்சா எண்ணெயில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. மணலி ஆலையே 1965-ல் இந்திய அரசும், ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும், அமெரிக்காவின் அமோகோவும் சேர்ந்து தொடங்கியதுதான். எங்கோ நடக்கும் போருக்கு நம் வீட்டு அடுப்பில் சூடு ஏறுகிறது என்பது உவமை இல்லை, கணக்கு.

3

எண்ணெய்க்கு முன் சென்னை எப்படி நகர்ந்தது? 1895-ல் இங்கே மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதலில் ஓடியது இங்கேதான். 1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில். மின் போக்குவரத்து நேற்று இறக்குமதியான அதிசயம் என்று பேசுகிறவர்களுக்கு இந்த வருடங்களை நினைவூட்டலாம்.

டிராமில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது தடை மிகக் குறைவு; ரப்பர் டயர் தாரில் உருளுவதைவிடப் பல மடங்கு குறைவு. அடுத்தது, மின்சாரம் கம்பியிலிருந்து நேராக வந்தது. பேட்டரி வேண்டாம், பேட்டரியின் எடையையும் சேர்த்து இழுக்க வேண்டாம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இன்றைய மின் பஸ்ஸைவிடச் சிக்கனமான ஏற்பாடு. அது 1953-ல் நின்றது. கம்பெனிக்கு நஷ்டம், பஸ் போட்டி, அரசும் எடுத்து நடத்தவில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். டிராம் தோற்றது எஞ்சினில் இல்லை, கணக்குப் புத்தகத்தில்.

பெசன்ட் நகர் என்ற பெயர் அன்னி பெசன்ட்டிடமிருந்து வந்தது. அவருடைய அடையாறு பிரம்மஞான சபைச் சகா பி.பி. வாடியாவைத் தலைவராக வைத்துத்தான் 1918 ஏப்ரலில் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள். அதைத் தொடர்ந்து டிராம்காரர்களும் ரிக்‌ஷா இழுக்கிறவர்களும் சங்கமானார்கள். பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் 29சி ஓடுவதற்கு முன்பே அப்படி ஒரு தடம் இருந்திருக்கிறது.

ஆனால் 'எண்ணெய்க்கு முன்' என்று சொன்னதும் ஏக்கப் பெருமூச்சு விடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ரிக்‌ஷாவை நினைத்துப் பாருங்கள். ஒரு சொட்டு எண்ணெய் இல்லாத வாகனம். மேலே ஒருவர் உட்கார, கீழே ஒருவர் மாடு மாதிரி இழுப்பார். 1973-ல் தமிழ்நாட்டில் கைரிக்‌ஷா ஒழிக்கப்பட்டபோது, அதை எண்ணெயின் வெற்றி என்று யாரும் சொல்ல மாட்டோம். எண்ணெய் இல்லாத உலகம் தானாகவே நியாயமான உலகமாகிவிடாது. முன்னாலே சொன்ன 'நாலு ஆள் உழைப்பு' கணக்கை மறுபடி பார்த்தால், எண்ணெய் போன இடத்தில் அந்த நாலு ஆளும் யாராக இருப்பார்கள், எந்தத் தெருவிலிருந்து வருவார்கள் என்று கேட்காமல் மாற்றைப் பற்றிப் பேச முடியாது.

4

இப்போது நம் முன்னே வைக்கப்படும் மாற்றுகளை ஒவ்வொன்றாக எடுப்போம்.

காட்டாமணக்கு. 2000-களில் தரிசு நிலத்தில் டீசல் விளையும் என்றார்கள். தரிசில் நட்டால் செடி நிற்கும், காய் பிடிக்காது. காய் பிடிக்க வேண்டுமானால் தண்ணீரும் உரமும் வேண்டும். அதற்கு நிலக்கடலையே போடலாமே என்று விவசாயி கேட்டார். கதை அதோடு முடிந்தது. எத்தனால் அதன் அண்ணன். 2025-ல் இந்தியாவில் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்ற அளவை எட்டினார்கள். அது கரும்பிலிருந்தும் அரிசியிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருகிறது. காவிரித் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் ஊரில், கரும்பை வண்டிக்கு ஊற்றுவது எந்தக் கணக்கில் மாற்று?

இயற்கை வாயு. டீசலைவிடக் கரும்புகை மிகக் குறைவு, அது உண்மை. ஆனால் எண்ணூரில் 2019-ல் திறந்த முனையத்துக்கு வாயு திரவமாகக் கப்பலில்தான் வருகிறது. கப்பல் வரும் கடலும் அதே கடல், விலை வைக்கிறவர்களும் ஏறக்குறைய அதே ஆட்கள்.

மின்சாரம். இதுதான் உண்மையான போட்டியாளர். மின் மோட்டார் வாங்கும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்குப் பக்கத்தில் வேலையாக மாற்றுகிறது. பெட்ரோல் எஞ்சின் நாலில் ஒரு பங்கு. ஒரு யூனிட்டில் மின் ஸ்கூட்டர் முப்பது கிலோமீட்டர் ஓடும், கார் ஆறு ஏழு கிலோமீட்டர். பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு ஒன்றேகால் யூனிட் மாதிரி ஆகும்.

இனி அசல் கணக்குக்கு வருவோம். 'வண்டி எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்' என்று கேட்பது ஷோரூம் கேள்வி. நாம் கேட்க வேண்டியது: ஒரு லிட்டரில் எத்தனை ஆளை எத்தனை கிலோமீட்டர் கொண்டுபோகிறது?

காரில் ஒற்றை ஆள்: லிட்டருக்குப் பதினைந்து. ஸ்கூட்டரில் ஒற்றை ஆள்: நாற்பத்தைந்து, ஐம்பது. டீசல் பஸ் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்தான் கொடுக்கும். ஆனால் உள்ளே அறுபது பேர் என்றால் ஆள் கணக்கில் இருநூற்று நாற்பது. மத்தியானம் இருபது பேரோடு ஓடினாலும் எண்பது. பாதிக்கு மேல் காலியான பஸ்கூட ஒற்றை ஆள் ஸ்கூட்டரைவிட மேல்.

இதையே கரிவாயுவில் போட்டுப் பார்த்தால் இன்னும் விசித்திரம். நிலக்கரி மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 900 கிராம் கரிவாயு. அந்த மின்சாரத்தில் ஓடும் காரில் ஒருவர் மட்டும் போனால், கிலோமீட்டருக்கு சுமார் 140 கிராம். நிரம்பிய டீசல் பஸ்ஸில் ஓர் ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 11 கிராம். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். நம் மின்சாரத்தில் காற்றும் சூரியனும் அணுவும் நீரும் கலந்திருப்பதால் காரின் கணக்கு இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆனாலும் பஸ்ஸைத் தொடாது. ஆக, காலையில் 29சி-யில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிற அந்த அக்கா, பச்சை நம்பர் பிளேட்காரரைவிட எண்ணெயிலிருந்தும் கரியிலிருந்தும் வெகுதூரம் விலகி நிற்கிறார். யாரும் அவருக்கு வரிச்சலுகை தரவில்லை.

பஸ்ஸையே மின்சாரமாக்கினால்? இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றால், கரிவாயுவில் மின் பஸ்ஸின் கணக்கு டீசல் பஸ்ஸைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் ஸ்டாப்பில் நிற்பவர்கள் சுவாசிக்கும் புகை போய்விடுகிறது. டீசலுக்கு அனுப்பும் அந்நியச் செலாவணி மிச்சமாகிறது. மின்சாரம் காற்றுக்கும் சூரியனுக்கும் மாற மாற பஸ்ஸும் தானாகச் சுத்தமாகும். டீசல் பஸ்ஸுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. அதனால் மின் பஸ் வேண்டும். ஆனால் அந்தப் புகை எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு.

5

அந்தப் புகை போகும் ஊரின் பெயர் எண்ணூர். 1970-களில் வந்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அதற்குள் வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களில் வந்துவிட்டது. பிறகு அதன் இரண்டாம் கட்டம், வல்லூரில் 1500 மெகாவாட், 2024-ல் மூன்றாம் கட்டம் 800 மெகாவாட். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் இந்திய நிலக்கரி எரிகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் சாம்பல். அந்தச் சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்த கதை அங்கே இறால் பிடிக்கிறவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிவருவது. பெசன்ட் நகரில் சத்தமில்லாமல் ஒரு கார் சார்ஜ் ஏறும்போது, முப்பது கிலோமீட்டருக்கு வடக்கே சாம்பல் விழுகிறது.

எண்ணெயும் அதே ஊரைத்தான் தேடி வந்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிச் சிந்திய எண்ணெயை மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியில் அள்ளினார்கள். எண்ணெய் தெற்கே எலியட்ஸ் கடற்கரை மணல்வரை வந்தபோதுதான் தென்சென்னை மூக்கைப் பிடித்துக்கொண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்து படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் ஒட்டியது. இந்த முறை அது பெசன்ட் நகர் வரவில்லை. அதனால் சீக்கிரம் மறந்துவிட்டோம். மையம், விளிம்பு என்று நாம் எழுதிக் குவித்த சொற்களுக்கு நகர வரைபடத்தில் இதைவிடத் துலக்கமான உதாரணம் கிடைக்காது.

அப்போ காற்றாலை? தமிழ்நாடு இதில் முன்னோடி. 1986-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் தொடங்கி, ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல்வரை நட்டு, இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இதிலும் ஒரு வேடிக்கை. 1990-களில் போட்ட காசு முழுவதையும் முதல் வருடமே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்தது. மில் முதலாளிகளும் கம்பெனிகளும் வரிக்காகக் காற்றாலை நட்டார்கள். அது எவ்வளவு மின்சாரம் தருகிறது என்பது இரண்டாம் பட்சம். ஆடிக் காற்றில் மின்சாரம் பொங்கும், ஐப்பசியில் படுத்துவிடும். அதை ஈடுகட்ட சூரிய ஒளி, நீரை மேலேற்றித் தேக்கும் அணைகள், பேட்டரி என்று வழிகள் உண்டு. பேட்டரிக்கு லித்தியம் சிலேயின் பாலைவனத்திலிருந்தும் சில வகைகளுக்குக் கோபால்ட் காங்கோச் சுரங்கங்களிலிருந்தும் வருகிறது. குமரப்பா பாஷையில் சொன்னால், வந்துகொண்டேயிருக்கும் காற்றைப் பிடிக்கவும் தேங்கிக் கிடக்கும் கனிமம் வேண்டியிருக்கிறது. ஆகவே கனிமத்தை எதற்குச் செலவழிப்பது என்பது அரசியல் கேள்வி: ஒற்றை ஆள் போகும் காருக்கா, அறுபது பேர் போகும் பஸ்ஸுக்கா?

6

காற்றை நேராகவே பயன்படுத்தியவர்கள் பெசன்ட் நகரிலேயே இருக்கிறார்கள். ஊரூர் குப்பத்தில் வயசானவர்கள் கட்டுமரத்தில் பாய் கட்டிப் போனவர்கள். ராத்திரி தரை சீக்கிரம் குளிர்ந்து காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். அதில் உள்ளே போவார்கள். பகலில் தரை சூடேறிக் கடற்காற்று எழும்பும், அதில் திரும்புவார்கள். சூரியன்தான் எஞ்சின். வாடையும் கொண்டலும் கச்சானும் அவர்களுக்குக் கால அட்டவணை. 1980-களுக்குப் பிறகு மோட்டார் வந்தது. 2004 சுனாமி நிவாரணத்தில் கட்டுமரத்தின் இடத்தில் ஃபைபர் படகுகள் வந்திறங்கியதும் மாற்றம் முடிந்தது.

"மறுபடியும் பாய் கட்டலாமே, பெரியவரே?" என்று ஒருநாள் கேட்டேன். வலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "காத்து சும்மாதான் கெடைக்குது சார். மீனு சும்மா கெடைக்கலியே."

விளக்கம் கேட்டபிறகு அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. விசைப்படகுகள் கரையோரத்தை வழித்தெடுத்துவிட்டன. மீன் தூரம் போய்விட்டது. ஏலம் காலையில் குறிப்பிட்ட நேரத்தில் முடிந்துவிடும். காற்று வரும்வரை காத்திருந்தால் மீன் விலை போகாது. டீசலை எரிக்கச் சொல்வது அவருடைய சோம்பல் இல்லை, கடலும் சந்தையும். வரிவிலக்கு டீசல் வாங்கிப் படகு விடும் ஆளிடம் போய், 'எண்ணெயை விடு' என்று நாம் சொல்வதற்கு முன், கரையோரக் கடலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். விசைப்படகுக்கு விதித்த எல்லையைக் கறாராக அமலாக்குவதும் எண்ணெய்ச் சிக்கனத் திட்டம்தான். எந்த எரிசக்தி அறிக்கையிலும் அது அந்தத் தலைப்பில் வராது.

7

கரையிலும் இதே கதைதான். ஒருவர் தினமும் எவ்வளவு தூரம் போகிறார் என்பதை அவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. 2000 முதல் நகரத்துக்குள் குடிசை போட்டிருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக்காரர்களைப் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டார்கள். நடந்து போய்ச் செய்துகொண்டிருந்த வீட்டுவேலைக்கு இப்போது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், இருபது கிலோமீட்டர். ஆயிரக்கணக்கான பேருக்குத் தினமும் இரண்டு முறை. வீட்டுவசதித் திட்டம் என்ற பெயரில் போட்ட எண்ணெய்த் திட்டம் அது. ஒரு குடிசையைக் காலி செய்யாமல் இருந்த இடத்திலேயே வீடு கட்டித் தருவது எத்தனை மின் ஸ்கூட்டருக்குச் சமம் என்று யாராவது கணக்குப் போட வேண்டும்.

பயணம் கட்டாயமான பிறகு பஸ்தான் உயிர். 2018 ஜனவரியில் கட்டணத்தைத் தடாலடியாக உயர்த்தினார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பலர் தவணையில் ஸ்கூட்டர் வாங்கினார்கள். இரண்டு பேர் போகும் ஸ்கூட்டரின் பெட்ரோல் செலவு பஸ் டிக்கெட்டைவிடக் குறைவாகிவிட்டால் மனிதர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு இலவசம் என்று வந்தது. அதை 'ஓசி' என்று கேலி செய்தவர்கள் உண்டு. நான் அதை இந்த மாநிலத்தின் பெரிய எரிசக்தித் திட்டங்களில் ஒன்றாகப் பார்க்கிறேன்.

கேட்டால் பஸ்ஸில் வருகிற ஒரு பெண் சொன்னது வேறு: "ப்ரீ எல்லாம் சரிதான் சார். பஸ்ஸு வரணும்ல? ஒண்ணு போச்சுன்னா அடுத்தது எப்ப வரும்னு அவங்களுக்கே தெரியாது. லேட்டா போனா வீட்டம்மா முகத்த பாக்க முடியாது." இலவசமும் மின்சாரமும் எண்ணிக்கைக்கு ஈடாகாது. சென்னையில் மாநகரப் பஸ்கள் மூவாயிரத்துச் சொச்சம். இந்த ஜனத்தொகைக்கு அது போதாது.

2025 ஜூன் மாதக் கடைசியில் வியாசர்பாடியிலிருந்து 120 தாழ்தள மின் பஸ்கள் ஓடத் தொடங்கின. சக்கர நாற்காலியோடு ஏறலாம். வயசானவர்கள் படியில் தடுமாற வேண்டாம். நல்ல விஷயம். ஆனால் பஸ் தனியார் கம்பெனியுடையது, ஓட்டுநரும் கம்பெனி ஆள்; கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசு கொடுக்கிறது. 1972-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தபோது பஸ் பொதுச்சொத்து என்பது கொள்கையாக இருந்தது. எஞ்சின் மாறுகிற சந்தடியில் உடைமையும் மாறுகிறது. தொழிற்சங்கங்கள் எதிர்ப்பது அதனால்தான். டிராமின் பாடம் இங்கே உதவும். கம்பெனிக்கு நஷ்டம் வந்த அன்று தண்டவாளத்தைப் பெயர்க்கிறவர்கள், பேட்டரியையும் கழற்றுவார்கள்.

பறக்கும் ரயில் 1995-ல் தொடங்கி, 2007-ல் திருவான்மியூர் வழியாக வேளச்சேரிவரை வந்தது. முழு மின்சாரம், இரும்புச் சக்கரம். நான் மேலே சொன்ன எல்லாச் சிக்கனமும் அதில் உண்டு. ஆனால் பெசன்ட் நகரிலிருந்து ஸ்டேஷனுக்குப் போவதற்குள் ஆட்டோவுக்கு ரயில் டிக்கெட்டைப்போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். ராத்திரியில் அந்தப் பிரம்மாண்டக் கட்டிடத்தில் பெண்கள் தனியாக ஏறத் தயங்குகிறார்கள். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் உள்ள அந்த இரண்டு மூன்று கிலோமீட்டரில்தான் எண்ணெய் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடைவெளியை மூட ஒரு சின்ன பஸ், நிழலுள்ள நடைபாதை, விளக்கு, சைக்கிள் விடப் பாதுகாப்பான ஓரம் போதும்.

சைக்கிள் என்றதும் புதுக்கோட்டை ஞாபகம் வருகிறது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள், கேலியைத் தாண்டி, சைக்கிள் ஏறினார்கள். பஸ்ஸுக்கும் அப்பனுக்கும் புருஷனுக்கும் காத்திருக்காமல் தண்ணீர் எடுக்க, காய் விற்க, கூட்டத்துக்குப் போக முடிந்தது. யாரும் அதை எரிசக்தி இயக்கம் என்று அழைக்கவில்லை. விடுதலை என்றே பார்த்தார்கள். எண்ணெய்க்கு மாற்று என்பது அப்படி வந்தால்தான் நிற்கும். பெசன்ட் நகரில் 2014-ல் கடற்கரைச் சாலையைச் சில ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கார் இல்லாமல் திறந்துவிட்டார்கள். குழந்தைகள் தெருவில் விளையாடின. அதே வருடம் மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று ஒரு கொள்கையும் அறிவித்தது. ஞாயிறு நல்லாத்தான் இருந்தது. மீதி ஆறு நாளும் நடந்தே போகிற குப்பத்து ஜனங்களுக்கு அந்தத் தெரு எப்போது திறக்கும் என்பது பாக்கி.

8

"சரி, அப்போ என்னதான் செய்யறது? மின் ஸ்கூட்டர் வாங்கலாமா வேண்டாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வாங்குங்கள், பெட்ரோல் ஸ்கூட்டரைவிட அது மேல்தான், நிலக்கரி மின்சாரத்தில் ஓடினாலும். அதோடு வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். வரிசையை மாற்றி யோசிப்போம். முதலில், தேவையில்லாமல் திணிக்கப்பட்ட பயணம்: குடியிருப்பை வேலையிலிருந்து பிய்த்து எறிவதை எதிர்ப்பது. இரண்டாவது, நடையும் சைக்கிளும். மூன்றாவது, பஸ்ஸும் ரயிலும், பொது உடைமையாக, எண்ணிக்கையில் இரண்டு மடங்காக. நாலாவதாகத்தான் எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி. அந்தக் கேள்வி வரும்போது எண்ணூர்க்காரர்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது நடப்பது தலைகீழ். நாலாவதில் தொடங்கி நாலாவதிலேயே முடிகிறது.

போராட்டக் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. கூடங்குளம், நெடுவாசல், எண்ணூர் என்று எரிசக்தி உற்பத்தியாகும் இடங்களில் நாம் நின்றிருக்கிறோம். அது செலவாகும் இடங்களில் நின்றதில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களின் சங்கம் என்று ஒன்று இந்த நகரத்தில் இன்னும் இல்லை. நூறு வருடத்துக்கு முன் டிராம்காரர்களும் ரிக்‌ஷா இழுத்தவர்களும் சங்கமான ஊர் இது.

இதை எழுதி முடித்துவிட்டு மறுபடி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சாயங்காலம் ஏழு மணி. காலையில் இறங்கினவர்கள் இப்போது ஏறக் காத்திருக்கிறார்கள். 29சி இன்னும் வரவில்லை.